முதலில் அம்மாவின் ஈமெயில்

தங்கச்சி வீட்டுக் கொம்பியூட்டர் மூன்று நாளாக அலுமாரிக்குள் இருந்தது. திரையும் கீபோர்ட்டும் மேசையில் அநாதையாகக் கிடக்க, பெட்டியை மட்டும் தூக்கிச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள்.

சின்னவனுக்கு 11 வயது. கார்ட்டூன் பார்க்க ஏதோ இலவசத் தளத்துக்குப் போயிருக்கிறான். அம்புக்குறியை அமத்தியதும் படம் ஓடவில்லை, இன்னொரு பக்கம் திறந்தது. அதில் என்ன இருந்தது என்று தங்கச்சி இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சூதாட்ட விளம்பரமும் இருந்ததாம், அதை மட்டும் சொன்னாள். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவள் கோப்பையைக் கீழே வைக்காமலே சுவர் பிளக்கை இழுத்திருக்கிறாள்.

"அண்ணா, ஒருக்கா வந்து உதைப் பாருங்கோ. இல்லாட்டி நான் வித்துப்போடுவன்."

நான் கொம்பியூட்டர் படித்தவன் இல்லை. வவுனியாவில் கணக்கு எழுதுகிறவன். ஆனாலும் குடும்பத்தில் யாருக்குப் பிரிண்டர் நின்றாலும் பாஸ்வேர்ட் மறந்தாலும் என் போன்தான் அடிக்கும். சனிக்கிழமை காலை கிளிநொச்சி பஸ் எடுத்தேன். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் தாண்டி முறிகண்டியில் நின்றபோது பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் பிள்ளைகளுக்கு ஒரு பை கச்சானும் ஆயிற்று. மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: கூடாத தளங்களை மறிக்கிற வடிகட்டி போட அரை மணித்தியாலம், மத்தியானச் சாப்பாடு, பின்னேர பஸ். கடைசியில் ஞாயிறு இரவுதான் வவுனியா திரும்பினேன்.

தங்கச்சி வீடு வட்டக்கச்சியில். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. மச்சான் கட்டாரில். பெரியவளுக்கு 15 வயது, அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. அவளுக்காகத்தான் பிரான்சில் இருக்கும் சித்தப்பா காசு அனுப்பி, கொழும்பிலிருந்து ஒரு பாவித்த கொம்பியூட்டர் வந்தது. இன்ரநெற் என்பது சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று. எந்த மூலையில் வைத்தால் சிக்னல் வரும் என்று வீடு முழுக்கக் கொண்டு திரிந்து, கடைசியில் சமையலறை ஜன்னல் கம்பியில் துணிநாடாவால் கட்டியிருக்கிறார்கள். கடுகு தாளிக்கிற நாளில் ரவுட்டருக்கும் கொஞ்சம் எண்ணெய் படும்.

பெட்டியை வெளியே எடுத்துத் தூசு தட்டினேன். உள்ளே இருந்த பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியது. (எங்கள் பக்கம் கொம்பியூட்டர் செத்தால் முதல் சந்தேகம் இடி மின்னல், அடுத்தது பல்லி. வைரஸ் எல்லாம் பிறகுதான்.)

ஓன் பண்ணியதும் நேரே உள்ளே போய்விட்டது. பாஸ்வேர்ட் இல்லை. ஒரே ஒரு கணக்கு, விற்றவர் வைத்த பெயர், அதற்கு எல்லா அதிகாரமும் உண்டு. அம்மா, மகள், மகன் மூவரும் அதற்குள்தான். இப்படி இருக்கும்வரை எந்தப் பூட்டைப் போட்டும் பிரயோசனம் இல்லை. கழற்றும் அதிகாரமும் அதே கணக்கில்தானே இருக்கிறது. அம்மாவுக்கு நிர்வாகிக் கணக்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாதாரணக் கணக்கு என்று பிரிக்க வேண்டும். அதற்கு மேல் வடிகட்டி. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோசொப்டின் ‘பமிலி சேப்டி’ காசில்லாமலே கிடைக்கிறது. அதைத் திறந்தேன். தொடக்கத்திலேயே அது பெற்றோரின் ஈமெயிலைக் கேட்டது.

"உன்ர ஈமெயில் என்ன?"

"போனில இருக்கண்ணா. வாங்கேக்க கடைக்காரப் பெடியன் போட்டுத் தந்தவன்."

"பாஸ்வேர்ட்?"

"அது அவனுக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று.

போனை வாங்கிப் பார்த்தேன். ஈமெயில் முகவரியில் அவளுடைய பெயரே இல்லை. ஏதோ ஒரு சொல்லும் நாலு இலக்கமும். தொடர்பு எண்களைத் திறந்தால் அவளுக்குத் தெரியாத ஆட்கள். உழவு மெசின் ஒருவர், பரந்தன் அன்ரி ஒருவர், ‘லோன் சேர்’ ஒருவர். யார் இவர்கள் என்றேன். "அது போனோட வந்த நம்பர்கள்" என்றாள், சார்ஜர் வந்த மாதிரி. கடையில் ஒரே கூகிள் கணக்கைப் பல பேரின் போன்களில் போட்டிருக்கிறார்கள். ஒரு கணக்கில் எத்தனை போன் இருந்தாலும் அத்தனைக்கும் தொடர்பு எண்கள் ஒன்றுதான். ஒருவர் புதிதாகப் பதிந்தால் மற்றவருக்கும் போய்ச் சேரும். உழவு மெசின்காரர் இவள் போனில் இருக்கிறார் என்றால், மச்சானின் கட்டார் எண் எத்தனை பேரின் போனில் இருக்கிறதோ. நல்லவேளை, படங்களை மேலேற்றும் வசதி நிறுத்தியபடி இருந்தது.

அந்தப் பெடியனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, கெதியா யூரியூப் வரச்செய்து தா." எங்கள் ஆட்களுக்கு ஈமெயில் என்பது போனை ஸ்டார்ட் பண்ண ஊற்றும் எண்ணெய். ஊற்றியாயிற்று, ஓடுகிறது, மறந்துவிடலாம். கதைக்க வட்ஸ்அப் இருக்கிறது, முகம் பார்க்க வீடியோ அழைப்பு இருக்கிறது, யார் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறார்கள்? ஆனால் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிற பிள்ளையிடம் முதலில் கேட்பது ஈமெயில் முகவரியைத்தான். தெரிந்த பிள்ளை ஒருத்தி இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வவுனியா வரைக்கும் வந்தாள். ஒரு வேலை விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்க வேண்டும்; வந்ததா இல்லையா என்று பார்க்க முடியவில்லை. கணக்கைத் திறந்து கொடுத்தது ஒரு கொம்யூனிகேசன், போன் எடுக்கவும் இன்ரநெற் பார்க்கவும் போகிற கடை. மீட்புக்குக் கொடுத்த எண் அவள் எப்போதோ தூக்கியெறிந்த சிம். கூகிள் அந்தச் சிம்முக்குத்தான் குறியீடு அனுப்பிக்கொண்டிருந்தது. என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, கச்சேரியடியில் ஒரு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சரி, வடிகட்டி ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று முதலில் தங்கச்சிக்கு ஈமெயில் திறக்க உட்கார்ந்தேன்.

இதில் அவசரப்பட்டால் கெடும். பழைய கணக்கைப் போனிலிருந்து கழற்றினால் அதில் சேமித்த எண்களும் கூடவே போய்விடும். ஆகவே அவளுடைய சொந்தக்காரர்களின் எண்களை மட்டும் தெரிந்தெடுத்து முதலில் ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டேன். உழவு மெசின்காரருக்கு விடைகொடுத்தாயிற்று. பிறகு பழைய கணக்கை நீக்கி, புதியதை அவளையே தட்டச் சொன்னேன். நான் தட்டினால் அதுவும் இன்னொரு கடைக்காரர் போட்ட ஈமெயில்தான்.

பிறந்த திகதி கேட்ட இடத்தில் பலர் வாயில் வந்த வருடத்தைப் போடுவார்கள். 13 வயதுக்குக் குறைவான வருடம் விழுந்தால் கூகிள் கணக்கைச் சிறுபிள்ளையின் கணக்கென்று எடுத்துப் பூட்டும். நான் பெரியாள் என்று நிரூபிக்கிற வேலை பிறகு எங்கள் தலையில். உண்மையான திகதியையே போட்டோம். மீட்பு எண்ணுக்கு அவளுடைய அடையாள அட்டையில் எடுத்த சிம். பாஸ்வேர்டுக்கு, அம்மம்மா எங்களைத் திட்டும்போது சொல்லும் ஒரு வசனத்தை அப்படியே ஆங்கில எழுத்தில். உலகத்தில் எந்தத் திருடனும் அதை ஊகிக்க மாட்டான், அவள் செத்தாலும் மறக்க மாட்டாள். அடுத்து, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கிற இரண்டு படி உறுதிப்பாடு. அது போட்டதும் கூகிள் 10 மாற்றுக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். போன் வாய்க்காலில் விழுந்தாலும் அதில் ஒன்றைக் கொடுத்து உள்ளே போகலாம். ஒருமுறை பாவித்தது மறுமுறை செல்லாது. அவற்றை ஒரு தாளில் எழுதி, "பத்திரமா வை" என்றேன்.

அவள் போய் அந்தப் பையைக் கொண்டுவந்தாள்.

வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு எந்தப் பை என்று சொல்லத் தேவையில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள், அப்பாவின் இறப்புப் பதிவு. பொலித்தீனுக்குள் பொலித்தீன் சுற்றி 2009இல், போரின் கடைசியில், அவள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தது. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்த நாட்களிலும் தலைமாட்டில் இருந்தது. அதன் நடு மடிப்புக்குள் ஜீமெயிலின் பத்துக் குறியீடுகளும் போயின. பாஸ்வேர்டைத் தாளில் எழுதக் கூடாது என்று எங்கள் அலுவலகப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். அந்தப் பையை அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு முதல் ஈமெயில் கிடைத்தது 2003இல், போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்து அடுத்த வருடம், கிளிநொச்சியில் ஒரு கொம்யூனிகேசனில். ஜெனரேற்றர் ஓடுகிற நேரத்துக்குள் யாகூவில் திறந்தேன். அதுவரைக்கும் வெளிநாட்டு உறவுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பார்த்திருந்தவனுக்கு, அனுப்பிய பத்தாவது நிமிடம் லண்டனிலிருந்து பதில் வந்தது மாயமாக இருந்தது. 2006 ஓகஸ்ட்டில் பாதை பூட்டியது. பிறகு அந்தக் கணக்கைத் திறக்க வழியில்லை, திறக்காத கணக்கை அவர்களும் வைத்திருக்கவில்லை. அதிலிருந்த கடிதங்கள் போனதுதான். கூகிளும் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருடம் தொடாத கணக்குகளை அழிக்கத் தொடங்கியது. "மாதத்தில ஒருக்காவாவது திறந்து பார்" என்று தங்கச்சியிடம் சொன்னது அதற்காகத்தான்.

இவ்வளவும் முடியச் சனிக்கிழமை இருண்டுவிட்டது. இரவு மழை இருட்டியது, ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் படுத்தோம்.

ஞாயிறு காலை அம்மாவின் ஈமெயிலைக் கொடுத்ததும் பமிலி சேப்டி சத்தமில்லாமல் திறந்தது. சின்னவனுக்கு அவுட்லுக்கில் ஒரு முகவரி எடுத்து அம்மாவின் குடும்பத்துக்குள் சேர்த்தோம். அம்மா சம்மதம் கொடுத்தால்தான் அவன் கணக்கு உயிர் பெறும். கூகிள் கணக்கு இப்போதைக்கு அவனுக்கு வேண்டாம் என்று விட்டோம். 13 வயதுக்குக் கீழே என்றால் அங்கேயும் பெற்றோர்தான் ‘பமிலி லிங்க்’ வழியாகத் திறந்து கொடுக்க வேண்டும்.

இந்த வடிகட்டி எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும். அதனால் அதை ஓன் பண்ணியதும் குரோம், பயர்பொக்ஸ் போன்ற மற்றவற்றைத் தானாகவே மறித்துவிடும். தெரியாதவர்கள் "குரோம் பழுதாப்போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் திருத்தித் தருவார், வடிகட்டியும் அதோடு போகும். இரண்டு விதமாக வைக்கலாம்: கூடாததை மறிப்பது, அல்லது நாங்கள் எழுதிக் கொடுத்த தளங்களை மட்டும் திறப்பது. தங்கச்சி இரண்டாவதுதான் வேண்டும் என்றாள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ, பரீட்சைத் திணைக்களம், தமிழ் விக்கிப்பீடியா, நூலகம் தளம் என்று நாலைந்து போட்டோம். ஒரு மணித்தியாலம் தாங்கவில்லை. பாடப் பக்கம் ஒன்று திறக்கும், அதற்குள் இருக்கிற காணொளி வேறொரு தளத்திலிருந்து வருகிறபடியால் அந்த இடத்தில் வெறும் கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் என்று நாங்கள் நினைப்பது பத்து இடத்திலிருந்து வந்து சேருகிற துண்டுகள். அந்தப் பத்தையும் கண்டுபிடித்து எழுத எங்களால் ஏலாது. முதலாவது விதத்துக்கே திரும்பினோம்.

அதற்கும் மேல் கொம்பியூட்டர் முழுவதற்கும் இன்னொரு மறிப்புப் போட்டேன். இதைத் தங்கச்சிக்கு விளங்கப்படுத்தியது இப்படி: ஊருக்குப் புதிதாய் வருகிறவர் சந்திக் கடையில் வழி கேட்பார் இல்லையா, அதுபோல ஒவ்வொரு தளத்துக்கும் போகமுன் கொம்பியூட்டர் ஓரிடத்தில் வழி கேட்கும். அந்த இடத்துக்கு டிஎன்எஸ் என்று பெயர். கூடாத வீட்டைக் கேட்டால் "அப்படி ஒரு வீடு இஞ்ச இல்லை" என்று சொல்லும் கடைக்காரரும் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் வழி கேட்கச் சொல்லிவைத்தால் போதும். கிளவுட்பிளேயார் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று தொடங்கிய கடையின் முகவரி 1.1.1.3, 1.0.0.3. ‘கிளீன்பிரவுசிங்’ குடும்ப வடிகட்டி 185.228.168.168, அது யூரியூப்பையும் கட்டுப்பாட்டு முறையிலேயே வைத்திருக்கும், ஆகக் கடுமை. நான் 1.1.1.3ஐ எடுத்தேன். ரவுட்டரிலேயே போட்டிருந்தால் வீட்டிலுள்ள போன்களுக்கும் சேர்ந்திருக்கும். எங்கள் ரவுட்டரில் அதை மாற்ற விடவில்லை. கொம்பியூட்டரின் வலையமைப்பு அமைப்பில் போட்டேன். சாதாரணக் கணக்கில் இருக்கும் பிள்ளைகளால் அதை மாற்ற முடியாது. ஆனால் பிரவுசர்களுக்குள்ளும் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் வேறொருவரைத் தெரிவுசெய்தால் பிரவுசர் சந்திக் கடையைத் தாண்டிப்போய் அவரிடம் கேட்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சந்திக் கடைக்காரரால் ஒரு வீட்டை மறைக்கத்தான் முடியும். வீட்டுக்குள் எந்த அறைக்குப் போகிறான் என்பது அவருக்குத் தெரியாது. யூரியூப் ஒரே வீடு. அதற்குள் கணித பாடமும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது. யூரியூப்பின் கட்டுப்பாட்டு முறையை ஓன் பண்ணினால் சிலதை மறைக்கும், கருத்துகளையும் காட்டாது. ஆனால் நான் பக்கத்தில் இருந்து பார்த்த அளவில் ஆங்கிலக் கெட்ட வார்த்தையைப் பிடிக்கிற அளவுக்குத் தமிழைப் பிடிக்கவில்லை. இரட்டை அர்த்தப் பகிடி என்று தமிழில் தலைப்பு வைத்த ஒன்று தாராளமாக வந்தது. பெரியவளின் விஞ்ஞானப் பாடத்தில் மனித இனப்பெருக்கம் பற்றிய காணொளி ஒன்று வரவில்லை.

இங்கேதான் எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை வந்தது. பெரியவளின் கணக்கிலும் எல்லாம் போட வேண்டும், எந்தப் பக்கம் போனாள் என்று கிழமைக்கு ஒருமுறை ஈமெயிலில் வருகிற அறிக்கையும் வேண்டும் என்றாள். நான் மாட்டேன் என்றேன்.

"ஏன் அண்ணா? பிழை செய்யாட்டி ஏன் பயப்பிடோணும்?"

இந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் எங்கே கேட்டிருக்கிறோம் என்பது அவளுக்கும் தெரியும். 2002க்குப் பிறகு வவுனியா போய்வர ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு பதிவு, புளியங்குளத்தில் இன்னொரு பதிவு. எங்கே போகிறாய், யாரிடம், என்ன பைக்குள், எப்ப திரும்புவாய். அந்த வரிசைகளில் நிற்கும்போது ஒரு பிழையும் செய்யாமலே வியர்க்கும். முதல் நாள்தான் பஸ்ஸில் அந்த இடங்களைத் தாண்டி வந்திருக்கிறேன். ஒரு 15 வயதுப் பிள்ளை, உடம்பைப் பற்றியோ மனதைப் பற்றியோ அம்மாவிடம் கேட்க வெட்கப்படுகிற ஒன்றைத் தேடிப் பார்ப்பாள். அது ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனுக்கு அறிக்கையாக வரும் என்று தெரிந்தால் தேடமாட்டாள், வேறு யாரிடமாவது கேட்பாள். யாரிடம் கேட்பாள் என்பதுதான் எனக்குப் பயம்.

தங்கச்சி பேசாமல் கீரை ஆய்ந்தாள். கடைசியில் பெரியவளுக்கு 1.1.1.3 மட்டும், அறிக்கை இல்லை என்று முடிவாயிற்று. அதற்கு மாற்றாக, கொம்பியூட்டர் அறைக்குள் போகாமல் நடுக்கூடத்திலேயே இருக்கும். யாராவது ஒன்லைனில் தொந்தரவு செய்தால் அம்மாவிடமோ என்னிடமோ, இரண்டு பேரிடமும் முடியாவிட்டால் 1929க்கோ சொல்லலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண் அது. பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, என்ர போனில விபிஎன் இருக்கு, சொல்லிப்போட்டன்" என்றாள்.

இருக்கும்தானே. 2018 மார்ச்சில் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மறித்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் மறித்தது. 2022 ஏப்ரலில் இன்னொருமுறை. ஒவ்வொரு முறையும் நாடு முழுக்க விபிஎன் பழகியது. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு கதைக்க அம்மம்மாமாருக்கே பேரப்பிள்ளைகள் போட்டுக் கொடுத்தார்கள். ஜன்னல் மூடிய வானில் ஏறிச் சந்திக் கடையைத் தாண்டுகிற மாதிரியான வேலை அது. கடைக்காரருக்கு யார் எங்கே போகிறார் என்றே தெரியாது. ஆனால் வான்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். "காசு வாங்காம வான் ஓடுறவன் எதில உழைக்கிறான் எண்டு யோசிச்சனியே?" என்று கேட்டேன். இரவே அழித்துவிட்டதாகச் சொன்னாள். நான் சரிபார்க்கவில்லை.

நேரக் கட்டுப்பாட்டில் ஒரு சிக்கல், இதை எந்தக் கையேட்டிலும் காணவில்லை. இவர்களின் டேட்டா பொதியில் பகலுக்கு ஒரு அளவு, நடுச்சாமம் தாண்டினால் வேறொரு அளவு. பகல் டேட்டா கிழமை முடியுமுன் தீர்ந்துவிடும், இரவு டேட்டா கிடந்து வீணாகும். அதனால் பிள்ளைகள் அலாரம் வைத்து எழும்பிப் பாடக் காணொளிகளை இறக்குவார்கள், அம்மாவின் அனுமதியோடுதான். 11 வயதுப் பிள்ளை நடுச்சாமத்தில் தனியே கொம்பியூட்டருக்கு முன்னால். மற்ற வடிகட்டி எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு உறைத்தது. சின்னவனின் கணக்கு இரவு 8 மணிக்குப் பிறகு திறக்காது என்று போட்டேன். இறக்க வேண்டியவற்றை, தங்கச்சி விடிய நாலு மணிக்குச் சமைக்க எழும்பும்போது தன் கணக்கில் போட்டுவிடுவாள்.

கடைசியாக ஈமெயிலைக் கொம்பியூட்டரிலும் வரச்செய்தேன். பிரவுசரில் பார்த்தாலே போதும்தான். ஆனால் டேட்டா இல்லாத நாளிலும் பழைய கடிதங்களைத் திறக்கலாம் என்பதற்காகத் ‘தண்டர்பேர்ட்’ போட்டேன். முகவரியைக் கொடுத்தால் மிச்சத்தைத் தானே கண்டுபிடிக்கும், உள்நுழைய கூகிளின் பக்கத்தையே திறக்கும். கேட்கும் இடத்தில் ஐமப் என்பதைத்தான் தெரிவுசெய்ய வேண்டும். ஐமப்பில் கடிதம் கூகிளிடமே இருக்கும், இங்கே இருப்பது பிரதி. மற்றது பொப்; அது கடிதத்தை இங்கே இறக்கிவிட்டு, அமைப்பைப் பொறுத்து அங்கே அழித்தும்விடும். முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் பொப்பில்தான் வைத்திருந்தோம். ஒரு ஐப்பசி இடியில் ஹார்ட் டிஸ்க் எரிந்து மூன்று வருடக் கடிதமும் போனது.

பெரியவள் தன் முதல் கடிதத்தை எனக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் பழகிய பாமினியில் தட்டியிருந்தாள். பாமினி எழுத்துரு இல்லாத என் போனில் அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்தது. பாமினி தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்காரவைத்து வேடம் போடுகிற முறை. எழுத்துரு இல்லாத இடத்தில் வேடம் கலைந்துவிடும். விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்து எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் தட்டப் பழக்கினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு பழகினாள்.

தங்கச்சிக்கு வந்த ஈமெயில்களைவிட அதிகமாக அவள் பயந்தது ஒரு குறுஞ்செய்திக்கு: பொதி ஒன்று வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டவும், கீழே ஒரு இணைப்பு. தபால் பெயரில் கொஞ்சக் காலமாகச் சுற்றும் மோசடி. போனுக்கு வருகிற குறியீட்டை யார் கேட்டாலும், அண்ணா கேட்டாலும் சொல்லாதே என்றேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு போன் எடுத்தாள். பமிலி சேப்டி மறித்த தளத்துக்குச் சின்னவன் போகப் பார்த்தால் அனுமதி கேட்கும் வசதி உண்டு. அவன் கேட்டால் அம்மாவுக்கு ஈமெயில் வரும். மூன்று வந்திருக்கிறது. செஸ் விளையாடும் தளம் ஒன்றுக்கு உடனே விட்டிருக்கிறாள். படம் வரையும் தளம் ஒன்று, அதற்கும் ஓம். மூன்றாவது ஒரு கேம். "நான் திறந்து பாத்தனான் அண்ணா. அதில முகம் தெரியாத ஆக்கள் வந்து பிள்ளையளோட கதைக்கினம். நான் விடேல்லை. அவனைக் குசினிக்குள்ள கூப்பிட்டு ஏனெண்டு சொன்னனான்."

அவள் வைத்த கையோடு மருமகனின் அழைப்பு. வட்ஸ்அப்பில், அக்காவின் போனில் இருந்து, குரலைத் தாழ்த்தி.

"மாமா, நீங்கள்தானே எல்லாம் போட்டனீங்கள். அந்த ஒண்டை மட்டும் திறந்து விடுங்கோவன்."

"என்னட்டைப் பாஸ்வேர்ட் இல்லையடா."

"பொய்."

பொய்யில்லை. அது அம்மம்மாவின் எந்தத் திட்டு என்று தங்கச்சி எனக்குச் சொல்லவில்லை.